காயில் கட்டுகிற தமிழ்ச்செல்வி

காவாந்தண்டலத்தில் தமிழ்ச்செல்வி வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். காயில் கட்டுகிற தமிழ்ச்செல்வி என்று கேட்டால்தான் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பட்டத்தை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது வேறு யாருமில்லை, பெற்ற தாய் பவளம்தான்.

படிப்பு முடித்து ஒரகடம் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போனுக்குள்ளே இருக்கிற ஆன்டெனாவை வடிவமைப்பதுதான் தன் வேலை என்று மகள் விளக்கமாகவே சொன்னாள். ஆன்டெனா என்றதும் பவளத்துக்கு ஓட்டுக்கூரை மேல் காக்கா உட்காருகிற டிவி கம்பிதான் ஞாபகம் வந்தது. அது எப்படி போனுக்குள் நுழையும் என்று கேட்டாள். தமிழ்ச்செல்வி யோசித்துவிட்டு, இது மெல்லிசான செம்பு, சுத்திச் சுத்தி வட்டமாக இருக்கும், ஒரு காயில் மாதிரி என்றாள். பவளத்துக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. பம்புசெட் மோட்டார் எரிந்துபோய்க் காயில் கட்ட உத்திரமேரூருக்கும் வயலுக்கும் எத்தனை நடை நடந்திருப்பாள்! மறுநாள் நடவு வயலில் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள், தன் மகள் பெரிய கம்பெனியில் காயில் கட்டுகிறாள் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்துக் கொல்லைக்காரர் மோகன், புகைந்துபோன அஞ்சு எச்.பி. மோட்டாரை மொபெட்டில் கட்டி எடுத்துவந்து வாசலில் இறக்கினார். தமிழ்ச்செல்வி அவரை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். தான் செய்கிற காயில் தீப்பெட்டி அளவுகூட இருக்காது, அது ஓடாது, சுழலாது, தண்ணீர் இறைக்காது. கடையில் காசு கட்டுகிற மிஷின் பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், அதற்குத்தான் அந்தக் காயில். மோகன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "சரி பாப்பா, எப்ப வந்து எட்த்துக்கினு போறது?" என்றார்.

மோட்டார் வந்த வழியே திரும்பிப் போனது. பெரிய கம்பெனிக்குப் போனவர்கள் சின்ன மோட்டாரைத் தொடமாட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம்கூட, கையில் கிரீஸ் கறை இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் போனது. அதன்பிறகு அவள் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை.

தினம் காலையில் ஸ்கூட்டியில் வாலாஜாபாத் வரைக்கும் போய், அங்கே கம்பெனி பஸ் ஏறுவாள். கம்பெனியில் அவள் கதை ஊரைவிட மோசம். ஊரிலாவது அவள் வேலையைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். கம்பெனியில் அப்படி ஒரு வேலை இருப்பதே கூட்டம் முடிகிற நேரத்தில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

ஒரு போனுக்குள் இடம் என்பது சாமானியமான விஷயம் இல்லை. பேட்டரி பாதியை எடுத்துக்கொள்ளும். கேமரா தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் ஸ்பீக்கர், மைக், திருகாணி. காயில் ஆன்டெனாவுக்கோ கொஞ்சம் பரப்பு வேண்டும். பரப்பு குறைந்தால் அதன் காந்த அலை எட்டுகிற தூரம் குறையும். சுற்றைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்றால் செம்புக் கோடு மெலிந்து, போகிற மின்சாரம் தடைபடும். அடியில் பேட்டரி உலோகம் வந்துவிட்டால் அது அலையைத் தின்றுவிடும். அதைத் தடுக்க நடுவில் ஃபெரைட் என்கிற காந்தத் தாள் ஒன்றைப் போடவேண்டும். அந்தத் தாளுக்கும் தடிமன் உண்டு. போனை மெலிதாக்குவதே வாழ்வின் லட்சியம் என்றிருக்கிற இடத்தில் தடிமன் என்று வாயைத் திறப்பது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம்.

அந்த வருஷத்துப் போனில் காயிலுக்கு முதலில் நல்ல இடம்தான் ஒதுக்கினார்கள், முதுகின் மேல்பாதியில், நடுவாக. முதல் கூட்டத்தில் கேமரா பிரிவுத் தலைவர் பாஸ்கர் தன் லென்ஸ் கொஞ்சம் வளர்ந்துவிட்டது என்றார், வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போல. மேலாளர் நந்தகுமார் தமிழ்ச்செல்வியைப் பார்த்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். காயில் கீழே நகர்ந்தது. அடுத்த கூட்டத்தில் பேட்டரி வளர்ந்தது. காயில் ஓரத்துக்கு நகர்ந்தது. அப்புறம் ஸ்பீக்கர்காரர்களும் வளர்ந்தார்கள். எல்லாக் கூட்டத்துக்கும் ஒருமித்த கருத்துக் கூட்டம் என்றுதான் பெயர். அந்த ஒரு கருத்து எப்போதும் அட்ஜஸ்ட் என்பதாகவே இருந்தது. கடைசியில் போனின் அடிமூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் இடம் மிஞ்சியது.

அந்த மூலையில் வைத்தால், போனை நேராகப் பிடித்து மிஷினில் காட்டினால் வேலை செய்யாது, தலைகீழாகத் திருப்பித்தான் காட்டவேண்டும் என்று தமிழ்ச்செல்வி எழுந்து நின்று சொன்னாள். நந்தகுமார் நெற்றியைத் தடவிக்கொண்டு, வாடிக்கையாளர் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார்.

விளம்பரப் பிரிவு அனுப்ரியாதான் வழி கண்டுபிடித்தாள். போனைக் கவிழ்த்துக் காட்டுவது பார்க்கத் தலைவணங்குவது போலவே இருக்கிறதே என்றாள். போன் வெளிவந்தபோது அந்தக் குறைக்கு 'பணிவு முறை' என்று பெயர் வைத்து, நம் பண்பாட்டை மதிக்கும் முதல் போன் என்று ஊர் ஊராகப் பேனர் கட்டினார்கள். வாலாஜாபாத் பஸ் நிறுத்தத்திலும் ஒன்று இருந்தது. தமிழ்ச்செல்வி தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள்.

அந்தப் போனில் ஒன்றைக் கம்பெனி அவளுக்கு இனாமாகக் கொடுத்தது. அதைப் பவளம் எடுத்துக்கொண்டாள்.

ஊரில் தனியார் பால் நிலையம் ஒன்று உண்டு. பால் ஊற்றுகிறவர்கள் அங்கே இருக்கும் மிஷினில் கார்டைக் காட்டவேண்டும், இல்லையென்றால் போனைக் காட்டவேண்டும். அப்போதுதான் அன்றைய பால் அவர்கள் பெயரில் ஏறும். மகள் காயில் கட்டிய போன் கைக்கு வந்த பெருமையில், இனிமேல் இந்த அட்டை எதற்கு என்று பவளம் தன் கார்டை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி திருப்பிக் கொடுத்துவிட்டாள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தமிழ்ச்செல்வியும் கூட வந்திருந்தாள்.

பவளம் போனைக் காட்டினாள். மிஷின் அசையவில்லை. தேய்த்துக் காட்டினாள், தட்டிக் காட்டினாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. காயில் எரிந்துபோயிருக்கும் என்று மோகன் தன் அனுபவத்திலிருந்து சொன்னார். தமிழ்ச்செல்வி ஓடிவந்து, "தலைகீழா புடிம்மா" என்று காதோடு சொன்னாள். ஒரு கையில் பால் கேனை வைத்துக்கொண்டு மறு கையால் போனைக் கவிழ்க்கப் போனாள் பவளம். போன் நழுவிக் கேனுக்குள் விழுந்து, ஒரே ஒரு குமிழி விட்டு அடியில் போய் உட்கார்ந்தது.

போன் விழுந்த பாலை எடுக்க முடியாது என்று நிலையத்துக்காரர் சொல்லிவிட்டார். கேனைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். ஏரிக்கரை திரும்பியதும் பவளம் கேனைக் கீழே வைத்தாள். அப்புறம், அந்தப் போனுக்குள் உனக்கு எவ்வளவு இடம் கொடுத்தார்கள் என்று கேட்டாள். தமிழ்ச்செல்வி கட்டைவிரலைக் காட்டினாள், நகத்தைத் தொட்டும் காட்டினாள்.

"நகம் அளவு எடத்துல ஒக்காந்துக்கினு இன்னாத்த வேல செய்யறதுடி? நான் என்னுமோ ஒரு டேபிளாவது கீதுன்னு நெனச்சிக்கினு கீறேன்."

அது ஆறுதலா திட்டா என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியவில்லை. ஆனால் அவமானம் அவளுக்குள் நன்றாகவே இறங்கிவிட்டது. அன்று முழுக்க அடுப்பில் பால்கோவா கிண்டினாள் பவளம். கிண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அடுத்த போனுக்கான வரைபடத்தை லேப்டாப்பில் திறந்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் மகள். அதிலும் கேமரா வளர்ந்திருந்தது. இந்த முறை அது தோசைக்கல் மாதிரி வட்டமாக, மேலே நடுவில், போன முறை அவளுக்குக் கொடுத்துப் பிடுங்கிய அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பிறகு அதன் விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் இன்னொன்று. இன்னும் இரண்டு.

அடுத்த கூட்டத்தில், தனக்குத் தனி இடமே வேண்டாம் என்றாள். கேமராவைச் சுற்றி விளிம்போரமாகக் காயிலைப் போட்டுக்கொள்கிறேன், நடுவில் நீங்கள் தாராளமாக இருக்கலாம் என்றாள். இடமே கேட்காத ஒருத்தியை அந்த அறை அதுவரை கண்டதில்லை. பாஸ்கர் கைதட்டினார். நந்தகுமார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, காயில் பிரச்சினை என் தலைமையில் தீர்ந்தது என்று மேலிடத்துக்கு மெயில் தட்டிவிட்டார். அவர் தட்டி முடிக்கும்வரை தமிழ்ச்செல்வி காத்திருந்தாள்.

பிறகுதான் சொன்னாள், கேமராவைச் சுற்றி இருக்கிற உலோக வளையத்தை ஓர் இடத்தில் வெட்டவேண்டும் என்று. வளையம் முழுதாக மூடியிருந்தால் காயிலின் அலை அதிலேயே சுற்றிச் சுற்றி வீணாகிவிடும். மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு இருந்தால் போதும். அளந்து பார்த்த கணக்கையும் திரையில் போட்டாள்.

பாஸ்கர் எழுந்துவிட்டார். அந்த வளையம்தான் போனுக்கு முகம், முகத்தில் யாராவது கத்தி வைப்பார்களா என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் நந்தகுமாரைப் பார்த்தார்கள். நந்தகுமார் அனுப்பிவிட்ட மெயிலைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து அதற்குள் வாழ்த்து வந்திருந்தது. மெயிலை மூடிவிட்டு, "பாஸ்கர், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்.

அந்த வார்த்தை வேறு திசையில் போவதைத் தமிழ்ச்செல்வி அன்றுதான் முதல்முறை கேட்டாள். சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தாள்.

வெட்டு விழுந்தது. அனுப்ரியா அதற்குப் 'பிறைக்கீற்று' என்று பெயர் வைத்து, கைவினைக் கலைஞர்களின் கனவு என்று விளம்பரம் எழுதினாள். போன் நேராகக் காட்டினாலும் வேலை செய்தது, கொஞ்சம் தள்ளிக் காட்டினாலும் செய்தது. ஆண்டு விழாவில் நந்தகுமாருக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். தமிழ்ச்செல்விக்குக் கம்பெனி பெயர் போட்ட டீ கப் கிடைத்தது. பவளம் அதில் சீரகம் போட்டு வைத்திருக்கிறாள்.

போன மாதம் பாஸ்கர் தயங்கித் தயங்கி அவள் மேஜைக்கு வந்தார். அடுத்த வருஷம் கேமரா இன்னும் பெரிதாகும் என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் தமிழ்ச்செல்வி சம்மதம் சொல்லிவிட்டாள். வட்டம் பெரிதானால் அதைச் சுற்றுகிற காயிலும் பெரிதாகும் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"என்ன மேடம், இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க வளந்தா நாங்களும் வளந்த மாதிரிதானே சார்" என்றாள்.

பாஸ்கருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இவளைப் போல நாலு பேர் இருந்தால் இந்தக் கம்பெனி எங்கேயோ போய்விடும் என்று கேன்டீனில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.