குணசுந்தரியின் வலது கை

ஆரணியில் பட்டுத்தறிகள் ஓயாத ஒரு தெருவில், வீட்டு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினாள் குணசுந்தரி. கீழே தம்பி தசரதனின் தறி, மேலே அவளுடைய மிஷின்கள். நெசவுக்காரர் வீட்டுப் பெண்கள் பலர் அவளிடம் படித்துத் தாலுகா ஆபீசுக்கும் பாங்குக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவளுக்கு அந்த மாடிதான் எல்லாம்.

1977 மழைக்காலத்தில் ஒரு காலை, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு விரல் வைக்கும் முறையைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் வலது கை மிஷின் மேல் தொப்பென்று விழுந்தது. வாய் கோணியது. பக்கவாதம். வேலூர் ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தாள். மெல்லப் பேச்சு தெளிந்தது, நடையும் வந்தது. கைதான் வரவில்லை. விரல்களை மடக்க முடிந்தது, விரிக்க முடியவில்லை. மாணவிகள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

"மிஷினயெல்லாம் வித்துடலாம்க்கா. எதுக்கு இந்த பேஜாரு? நான் சோறு போட மாட்டனா?" என்றான் தசரதன்.

"நீ போடுவடா. நான் இன்னா பண்றது? சுவத்தப் பாத்துகினு குந்திகினு இருக்கவா?"

மறுநாளே கண்ணமங்கலம் வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கருவி செய்துகொடுக்கும் பட்டறையில் சிவப்பிரகாசம் என்பவர் அவள் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கையால இன்னா செய்யணும்னு ஆசப்படறீங்கம்மா? சாப்புடணுமா, தல வாரணுமா?"

"டைப் அடிக்கணுங்க."

அவர் சிரிக்கவில்லை. "எந்த விரலு மொதல்ல எறங்குது, பாக்கலாம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் செய்துகொடுத்தது முன்கையில் கட்டும் தோல் பட்டை. அதிலிருந்து ஒரு கம்பி விரல்களுக்கு மேலே வளைந்து நின்றது. கம்பியில் ரப்பர் பேண்டுகள் தொங்கின, அவற்றின் நுனியில் விரல் நுழையத் தோல் வளையங்கள். ரப்பர் விரலைத் தூக்கிப் பிடிக்கும். அவள் அழுத்தினால் விரல் இறங்கும், விட்டால் தானாக எழும்பும்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டு ஒரு விசையை அழுத்தினாள். தாளில் 'த' விழுந்தது. மங்கலான எழுத்துதான். ஆனாலும் குணசுந்தரி வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு அடித்துப் பழகும் வெறி பிடித்தது. தோல் வளையம் உரசி விரலெல்லாம் கொப்புளம். தசரதனின் மனைவி கிருஷ்ணம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, இப்படியா புண்ணாக்கிக்குவீங்க?" என்று திட்டிக்கொண்டே வளையங்களுக்குள் பட்டுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

கை விளங்காத டீச்சரிடம் பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது குணசுந்தரியின் காதுக்கு வந்தது. அடித்தே காட்டுவதென்று முடிவு செய்தாள். இங்கிலீஷ் பரீட்சைகளை முன்பே முடித்தவள், தமிழ் டைப்பிங்கில் மேல்நிலையான ஹையர் பரீட்சைக்குப் பணம் கட்டினாள்.

பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் அருகே வந்து நின்றார்.

"கையில இன்னாம்மா மாட்டிகினு வந்துகிறீங்க? இதுக்கு ரூல் இருக்குதா?"

"மூக்குக்கண்ணாடி போட்டுகினு அடிக்கிறாங்களே, அதுக்கு ரூல் இருக்குதுங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கழற்றிக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, "அடிங்க" என்று நகர்ந்தார். மணி அடித்ததும் அறை முழுக்க மிஷின்கள் தடதடத்தன. குணசுந்தரியின் வலது கையில் இரண்டு விரல்கள்தான் முழுதாக வேலை செய்தன. மற்ற விரல்களின் வேலையையும் அவையே ஓடி ஓடிச் செய்தன. கடைசி வரியை முடித்துத் தாளை உருவியபோது ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

முதல் வகுப்பில் தேறினாள்.

சேதி கேட்டதும் தசரதன் தறியை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தான். கை விளங்காதவள் என்று பேசிய வீட்டிலிருந்தே முதல் பெண் வந்து சேர்ந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் மாடி நிறைந்து, அடுத்த பேட்சுப் பெண்கள் படிக்கட்டில் காத்து நின்றார்கள். புதிதாக வாங்கிய தமிழ் மிஷினை வைக்க மேலே இடமில்லை.

குணசுந்தரி கம்பி கட்டிய கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மாடியிலிருந்து கூப்பிட்டாள்.

"டேய் தசரதா, தறிய கொஞ்சம் நவுத்திப் போடுடா. எனக்கு எடம் பத்தல!"