நல்ல தண்ணீர்ச் சவரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மருமகள் குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே இருந்த என் மகனிடம், "இவ்ளோ நேரமா உள்ள என்னத்த செரச்சிட்டு இருக்க?" என்று கேட்டாள். பிள்ளைத்தாச்சி, அவசரம் அவளுக்கு. கேட்டதில் தப்பே இல்லை. மெட்ராஸில் வளர்ந்தவர்கள் நாளைக்கு நாலு தடவை கேட்கிற கேள்விதான் அது. வெட்டியாக நேரத்தைப் போக்குகிறாய் என்று அர்த்தம். பாடுபட்டுப் பிழைக்கிற ஒரு தொழிலை எதற்கு வசவாக்கி வைத்தார்களோ, அது எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் வாய்க்கு வந்துவிடும், என்ன செய்வது. உள்ளே டிரிம்மர் ஓடிக்கொண்டிருந்தது. "அதத்தான் பண்ணிட்டிருக்கேன்" என்று என் மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அண்ணியின் கை மட்டும் அப்படியே நின்றது.

அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அண்ணன் போன பிறகு எங்களோடுதான் இருக்கிறாள், கொடுங்கையூரில், குப்பைமேட்டுப் புகைக்காக வருஷம் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிற எங்கள் ஃபிளாட்டில். அவள் இருக்கிற இடத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டோம். என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். மருமகளுக்குத் தெரியாது, பாவம், பெரம்பூர்ப் பெண்.

என் மகன் வெளியே வந்தான். கூடவே ஒரு வாழைப்பழ வாசனையும் வந்தது. தாடிக்கு எண்ணெய் தடவியிருக்கிறான். தாடிக்கு எண்ணெய், தாடிக்கு ஷாம்பு, தாடிக்கு மரச்சீப்பு, எல்லாம் பார்சலில் வந்து இறங்குகிறது. நான் என் தலைக்கே இவ்வளவு செய்துகொண்டதில்லை. ஊரில் எல்லாப் பையன்களும் தாடியோடு திரிவதால் எவன் பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், எவன் சும்மா ஸ்டைலுக்கு வளர்க்கிறான் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. எங்கள் காலத்தில் அது தெருவுக்கே தெரிகிற சமாசாரம். ஒருத்தன் முகத்தில் முள்ளு முள்ளாக ஏறினால், "இன்னா மாமு, விசேஷமா?" என்று கேட்டுவிடுவார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் அது சட்டம். வீட்டுக்காரி வயிற்றில் பிள்ளை இருந்தால் வீட்டுக்காரன் முகத்தில் பிளேடு படக்கூடாது. மீறினால் பிள்ளை தங்காது என்பார்கள். எங்கள் நைனா, எனக்கும் அண்ணனுக்குமாக இரண்டு தடவை தாடி வளர்த்துக்கொண்டே கடலுக்குப் போனவர். உப்பு ஏறி ஏறி தேங்காய் நார் மாதிரி ஆகிவிடுமாம். அரிப்பு தாங்காமல் கட்டுமரத்திலேயே சொறிந்துகொண்டு கிடந்ததைப் பெருமையாகச் சொல்லுவார்.

மற்ற நாளில் நைனாவின் ஷேவிங் சாமான் மொத்தமும் ஒரு சோப்பு டப்பாவில் அடங்கிவிடும். ரேசர், மயிர் கொட்டிப்போன பிரஷ், ஒரு துண்டுப் படிகாரம். பிரச்சினை தண்ணீர்தான். எங்கள் பக்கத்துக் கைப்பம்பில் வருவது உப்புத்தண்ணி. அதில் என்ன தேய்த்தாலும் நுரை வராது, சோப்பு திரிதிரியாகத் திரண்டு போகும். நுரை வேண்டுமென்றால் நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் லாரித் தண்ணீர். லாரித் தண்ணீர் என்றால் அம்மா சண்டை போட்டுப் பிடித்து, மூடி போட்டு, மேலே தட்டும் வைத்து அடைகாக்கிற குடம். அதிலிருந்து ஆம்பளைகள் ஷேவிங்குக்கு ஒரு சொம்பு எடுப்பதும், அம்மா அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுப்பதும் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

அண்ணன் கடலுக்குப் போகவில்லை. அலையைப் பார்த்தாலே அவனுக்கு வாந்தி வரும். மீனவன் வீட்டில் இதைவிடக் கேவலம் உண்டா? நைனா அவனை நாலு பேர் எதிரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார். அவன் போய் ஒரு உரக் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் மூட்டை தூக்கினான். நானும் அப்போது ஏற்றுமதி கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுக்கு ஒரே கனவு, பர்மனென்ட். பர்மனென்ட் ஆகிவிட்டால் நைனா எதிரில் நிமிர்ந்து நடக்கலாம். கடைசியில் அமோனியா பிளான்ட்டுக்குப் பர்மனென்ட்டாகவே ஆள் எடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அண்ணி முழுகாமல் இருந்தாள், அண்ணன் முகத்தில் காடு.

அங்கே வேலை பார்க்க முகமூடி போட வேண்டும், முகமூடி முகத்தில் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை வைப்பார்களாம். முகமூடியை மாட்டிவிட்டு, வாழைப்பழ எசென்ஸில் நனைத்த துணியை முகத்தைச் சுற்றி ஆட்டுவார்கள். வாசனை வந்தால் ஃபெயில். தாடி இருந்தால் எங்கே ஒட்டும்? ஒரு வார்த்தை "வரல" என்று புளுகியிருக்கலாம். எங்கள் அண்ணன் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "நல்லா வர்து சார், பூவம்பயம்." எங்கள் பேச்சில் பழமும் 'பயம்'தான், பயமும் 'பயம்'தான். அங்கிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். வீட்டில் வந்து சொன்னபோது நாங்களும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

பிரசவம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளும்படி அந்த சேஃப்டி ஆபீசரிடம் கெஞ்சியிருக்கிறான். "உன் பொண்டாட்டி முழுகாம இருக்கிறது அமோனியாவுக்குத் தெரியுமாய்யா?" என்று அவர் கேட்டாராம். திங்கட்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம், மழித்துக்கொண்டு வந்தால் வா, இல்லையென்றால் மூட்டைக்கே போய்விடு என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியுமா?

வீட்டில் இதைப் பேசவே விடவில்லை. நைனா, பிள்ளையை விற்று வேலை வாங்கப் போகிறாயா என்று கேட்டார். அண்ணியின் அம்மா முகத்துவாரக்குப்பத்திலிருந்து இதற்காகவே வந்து, மாப்பிள்ளையிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு போனாள். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டான்.

திங்கட்கிழமை விடியற்காலை நான் கம்பெனி வேனுக்குக் கிளம்பப் பின்கட்டுக்குப் போனேன். நைனா கடலில். அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கப் போயிருந்தாள். பின்கட்டில் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், எதிரே அண்ணி முக்காலியில். ஒரு கையில் சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறாள். இன்னொரு கையில் சொம்பு. நல்ல தண்ணீர்! அம்மாவின் குடத்திலிருந்து எடுத்திருக்கிறாள், அவனுக்கு அந்தத் தைரியம் ஏது? அவன் கையில் ரேசர். அவன் வேண்டாம் வேண்டாம் என்கிறான்.

"சாமிக்கு நா சொல்லிக்கிறேன். நீ செர" என்றாள் அண்ணி.

என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள். அத்தனை நாள் தாடியை அவன் வழித்தெடுக்கும் வரை கண்ணாடி அசையவே இல்லை. வயிற்றின் மேல் சொம்பை வைத்துப் பிடித்துக்கொண்டு, காதோரம் விட்டுப்போனதைக்கூடக் காட்டிக் கொடுத்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, நிஜமாகச் சொல்கிறேன். அண்ணன் முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரி குப்பத்தைத் தாண்டிப் போனான்.

அன்று மத்தியானமே அண்ணிக்கு வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குக் கம்பெனிக்கு ஆள் வந்தது. நான் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து, துணியில் சுற்றி வைத்துவிட்டார்கள். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா நைனாவிடமும் அண்ணியின் அம்மாவிடமும் தெளிவாகச் சொன்னார். திங்கட்கிழமைக்கு முந்தி என்றுதானே அதற்கு அர்த்தம்? நான் பக்கத்தில் நின்று கேட்டேன். காது என்று ஒன்று அவர்களுக்கும் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அவனுக்கு விஷயம் தெரியாது. வலி எடுத்திருக்கிறது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோதனையில் பாஸாகி, சிரிப்பை அடக்கிக்கொண்டு படியேறி வருகிறான். வார்டு வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணியின் அம்மா அவன் காலைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்து அவன்தான் என்று தெரிந்துகொண்டாள். அதுவரை 'வாங்க மாப்ளே' என்றே கூப்பிட்டவள்.

"எம் பொண்ணு இங்க துடிச்சிகினு கெடக்கச் சொல்ல, நீ இன்னாத்த செரச்சிகினு இருந்த?"

கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

அவள் அலறியிருந்தால்கூடத் தேவலை. எழுந்து வந்து, அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். இந்தக் கன்னம், அந்தக் கன்னம். பிறகு அவன் கையைப் பிடித்து அண்ணி படுத்திருந்த கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நைனா, அம்மா, நான் எல்லோரும் பின்னால் போனோம். "உன்ன கேட்டானாடி? உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அண்ணி அவனைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து, நெரித்து, வெளியே தண்ணீர்க் குழாய் வரை இழுத்து வந்தான். அவன் அப்படி என்னைப் பிடித்ததே இல்லை.

"பாப்பா, மூச்சு வுடாத. அவளே புள்ளய தூக்கிக் குட்த்துட்டு கெடக்குறா. இத்த வேற அவ தலைல வெப்பியா?"

அழுதுகொண்டே சரி என்றேன். அப்படி ஒத்துக்கொண்டதுதான், இன்னும் மீறவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது அல்லவா, அவன் தினம் மழிக்க வேண்டும். ஒரு நாள் செய்ததற்கே பிள்ளையைத் தின்றவன் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதையே அவன் தினமும் காலையில் எல்லோர் கண் முன்னாலும் செய்தாக வேண்டும். நைனா அவனைப் பின்கட்டில் உட்கார விடவில்லை. அவருடைய சோப்பு டப்பாவைக் கடலில் எறிந்துவிட்டுச் சாகும்வரை தாடியோடு இருந்தார். அண்ணன் தெருவில், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு கண்ணாடித் துண்டின் எதிரே நின்று மழித்தான். அம்மா குடத்தில் கை வைக்க விடவில்லை. "குடிக்கிற தண்ணி இத்துக்கு இல்ல" என்றாள், பெற்றவள். உப்புத்தண்ணியில், நுரையில்லாமல், வறட்டு வறட்டென்று இழுப்பான். அந்தச் சத்தம் உள்ளே சோறு வடிக்கிற எங்களுக்குக் கேட்கும். கழுத்தெல்லாம் கீறி, படிகாரம் வைத்துத் தேய்த்துக்கொண்டு, காலரில் ரத்தத்தோடு வேலைக்குப் போவான். மொழுமொழுவென்று இருக்கிற முகத்துக்காகத் தெருப் பிள்ளைகள் அவனுக்கு 'மொயுக்கு' என்று பேர் வைத்தார்கள். மாமியார்க்காரி வந்தால் எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துகொண்டு, அவன் மழித்து முடிக்கும்வரை கண் கொட்டாமல் பார்ப்பாள்.

அண்ணி? அண்ணி பார்க்க மாட்டாள். அந்த நேரத்தில் உள்ளே போய்விடுவாள். அவளுக்கு அப்புறம் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவர்கள் நன்றாகத்தான் குடித்தனம் நடத்தினார்கள், சண்டை என்று ஒரு நாள் கேட்டதில்லை. அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் தனியாகப் பேசியிருப்பார்கள் என்றுதான் நான் வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து அண்ணன் பிளேடைத் தொடவில்லை. வெள்ளைத் தாடி நெஞ்சு வரை இறங்கியது. கண் தெரியாத நிலையில் கிடந்த மாமியாரைப் பார்க்கப் போனபோது, அவள் கையால் தடவிப் பார்த்து, "இப்ப வளத்து ஆருக்கு?" என்று கேட்டாளாம். அவன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். அந்தத் தாடியோடுதான் அவனை எடுத்துப் போனோம்.

இப்போது பாருங்கள், அந்தக் குப்பத்து வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போய், கல் கொட்டி ரோடு போட்டுவிட்டார்கள். பின்கட்டு இருந்த இடத்தில் லாரி ஓடுகிறது. நல்ல தண்ணீர் கேனில் வருகிறது, என் மகன் குழாயைத் திறந்துவிட்டுத் தாடிக்கு ஷாம்பு போடுகிறான். அதெல்லாம் போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி கீரையைக் கீழே வைத்துவிட்டு என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். பிரசவம் ஆகும்வரை அந்த மெஷினைத் தூக்கி உள்ளே வை என்றாள். டிரிம்மர் பிளேடு கணக்கில் வராது என்று அவன் சட்டம் பேசினான். அப்போதுதான் அண்ணி சொன்னாள்.

"உங்க மாமா அப்பிடித்தாண்டா பண்ட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. நா தூங்கிகினு இருந்தேன். எய்ந்து பாத்தா மூஞ்சி மொயுக்குனு கீது."

நான் சமையலறை வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். இத்தனை வருஷம் கூட இருந்தவள், அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். இடது கண் லேசாகச் சுருங்கும். சுருங்கவில்லை. சொல்லும்போது அழுதாள், அவன் கேட்காமல் போனதற்காகவே அழுதாள். கண்ணாடியும் சொம்பும் அவள் கையிலிருந்து எப்போது போயின என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ஏன் அத்த, மாமா அப்படிப் பண்ணாரு? அவங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.