தொண்டையில் நின்ற துண்டு

மகளும் அவள் விரும்பிய பையனும் ரொறன்ரோவில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்தார்கள். பையனின் தாய் தகப்பன் எங்களைப் போல யாழ்ப்பாணத்து ஆட்கள், லண்டனில் குடியேறியவர்கள். எங்களைச் சந்திக்கவென்றே அவர்கள் ரொறன்ரோ வந்தபோது, மகள் டவுன்டவுனில் பெரிய உணவகம் ஒன்றில் மேசை பதிந்தாள். நவீன பிரிட்டிஷ் சமையலாம். லண்டன்காரருக்கு லண்டன் சாப்பாடா என்று நான் கேட்டேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

என் கணவர் மல்வேர்னில் எங்கள் வீட்டடியில் கார் ஏறியதிலிருந்தே பேசவில்லை. அவருக்குக் கவலை சாப்பாட்டைப் பற்றியதல்ல. கலியாணத்தை லண்டனில் வைக்க மாப்பிள்ளை வீட்டார் விரும்புவதாகப் பையன் ஏற்கெனவே காதில் போட்டிருந்தான்.

வெள்ளை விரிப்பு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரல்கள். பரிமாறிய பெண் ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு அதில் இருப்பதை விளக்கினாள். ஆட்டிறைச்சி உள்ளே சிவப்பாக, பச்சைப் பட்டாணி மசியலின் மேல் வந்தது. பையனின் தகப்பன், அந்த லண்டன்காரர், முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் பேனா பிடிப்பதுபோல லாகவமாகப் பிடித்தார். என் கணவர் அவரைப் பார்த்துப் பார்த்து வெட்டினார்.

பாதிச் சாப்பாட்டில் லண்டன்காரர் கலியாணக் கதையைத் தொடங்கினார். தங்கள் சொந்தம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, மண்டபம்கூடப் பார்த்துவிட்டோம் என்றார். பிறகு என் கணவரிடம் நேராகவே கேட்டார்.

"அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

மகளும் பக்கத்தில் இருந்த பையனும் தலையைக் குனிந்துகொண்டார்கள். உடனே பதில் சொல்லாமல் தப்பவோ என்னவோ, என் கணவர் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். ஒரு கணம் நெஞ்சை நிமிர்த்தி இருந்தார். பிறகு துடைக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, எழுந்து வாஷ்ரூம் பக்கம் போனார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். லண்டன்காரரின் முகம் சிவந்தது. அவர் மனைவி பட்டாணி மசியலைப் பற்றி ஏதோ சொன்னார். நானும் ஏதோ பதில் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் மனதை விட்டுப் போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவரோடு வாழ்கிறேன். கோபம் வந்தால் அவர் செருமாமல் எழும்ப மாட்டார். இப்போது ஒரு சத்தமும் வரவில்லை. மூச்சுச் சத்தம்கூட.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் முதலுதவி வகுப்பில் சொல்லித் தந்தது அப்போதுதான் உறைத்தது: இருமுகிறவரை விட இருமாதவருக்குத்தான் ஆபத்து. கதிரை பின்னால் சரிய எழுந்து ஓடினேன்.

ஆண்கள் வாஷ்ரூம் என்று யோசிக்க நேரமில்லை. அவர் கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். உதடு நீலம் பாரித்திருந்தது. கண்ணாடியில் என்னைக் கண்டதும், போ என்பதுபோல ஒரு கையை அசைத்தார். முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தேன். அசையவில்லை. பின்னால் நின்று கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே பொத்திப் பிடித்த கையை வைத்து உள்ளுக்கும் மேலுக்குமாக இழுத்தேன். அவருடைய முழங்கால் மடியத் தொடங்கியது. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு திரும்பவும் இழுத்தேன். துண்டு தெறித்துத் தொட்டிக்குள் விழுந்தது.

அவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தத்தை நான் மறக்க மாட்டேன்.

கதவடியில் லண்டன்காரர் நின்றார். என் பின்னாலேயே வந்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் பேப்பரை நனைத்து என் கணவரின் கையில் கொடுத்தார்.

"பிள்ளைக்குச் சொல்லாதையும்" என்றார் என் கணவர் என்னிடம், குரலே இல்லாமல்.

"வெக்கத்திலையோ சாகப் போனனீங்கள்?" என்று கேட்டேன்.

இப்படி வயிற்றை அமுக்கினால் உள்ளே காயம் பட்டிருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். லண்டன்காரரும் அதையே சொன்னார். மகளிடம் மறைக்க வழியில்லாமல் போயிற்று. அவள் அழுதுகொண்டே தமிழிலும் இங்கிலிஷிலும் மாறி மாறித் தகப்பனைப் பேசினாள். இனிப்பு வருவதற்கு முன்பே இரண்டு குடும்பமும் எமர்ஜென்சிக்குப் போனோம்.

அங்கே நெடுநேரம் காத்திருந்தோம். சுற்றிவரக் காய்ச்சல்காரரும் கட்டுப் போட்டவர்களும். நடுவில் பட்டுச் சேலையோடு நானும் பையனின் தாயும். அவர் என் கையைப் பிடித்தபடியே இருந்தார். கடைசியில் என் கணவரே கலியாணக் கதையை எடுத்தார்.

"நீங்கள் கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லேல்லை. பிள்ளை பிறந்து வளந்தது இஞ்சை. கலியாணமும் இஞ்சைதான் நடக்கோணும்."

லண்டன்காரர் மனைவியைப் பார்த்தார்.

"மண்டபத்துக்கு முற்பணமும் குடுத்திட்டமண்ணை" என்றார் அவர்.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

மகளும் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே காயம் ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார்; கலியாண விஷயம் மட்டும் அந்த இரவு முடிவாகவில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறித் தொலைபேசியில் இழுபட்டு, கலியாணம் இங்கே ஸ்காபரோவிலும் வரவேற்பு லண்டனிலுமாக நடந்தது. ஆனால் அன்றைக்கு என் கணவர் தொண்டை கரகரக்கத் தன் பதிலைச் சொன்னபோது, எனக்கு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்றிருந்தது.