நோர்மன் அண்ணைக்குப் பக்கத்தில் இருப்பது

அரியாலையில் ஜமுக்காளம் நெய்யும் நோர்மன் அண்ணைக்கு நூல் கொண்டுபோய்க் கொடுப்பவன் நான். ஒவ்வொரு முறையும் என் கண் முன்னாலேயே ஒரு இழையை உருவி, நெருப்புக்குச்சியால் கொளுத்தி, மூக்கருகே பிடித்துப் பார்ப்பார். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணம் வரும். பொலியெஸ்ரர் கலந்திருந்தால் உருகும். என் நூல் ஒருநாளும் உருகியதில்லை. அதுவும் அவருக்குச் சந்தேகம்தான்.

"எனக்குக் கொண்டுவாற நூல்கட்டை மட்டும் பாத்துப் பொறுக்கிறாய் போல, றொபின்," என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கடவுள் கொடுத்த தொழிலைப் பாருங்கள். அவருடைய அகலத் தறியில் தனியாள் நெய்ய முடியாது. ஒரே பலகையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு பாதி. குறுக்கு நூலைக் கையால் கோத்து, இரும்புச் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். இரண்டு பேரின் அடியும் ஒத்துப் போனால்தான் நெய்த விளிம்பு நேராக நிற்கும். ஒருவர் மெல்ல அடித்தால் அவர் வரிகள் தடித்து, அவர் பக்கம் முந்திக்கொண்டு போய்விடும். ஓங்கி அடிப்பவர் பக்கம் பின்தங்கும்.

பொழுதுபட முன் நோர்மன் அண்ணை தறிக்குக் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடிப்பார். மற்றவர் பக்கம் பின்தங்கி நின்றால், சில வரிகளை நெய்யாமல் விட்டு நூலைக் களவெடுத்துவிட்டார் என்று தீர்ப்பு. அதற்கு மேல் விசாரணை இல்லை. இப்படி அந்தப் பலகையை விட்டு ஜெறோம் போனான், சிவரூபன் போனான், கடைசியில் அப்போது அவரோடு நெய்துகொண்டிருந்த நானும் போனேன். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு கிழிந்த குடையும் இருந்தன. குடையையும் விரித்துப் பார்த்தார். நூல் விற்பதற்காக அவர் வீட்டுக்குப் போகிறேனே தவிர, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பிறகு அந்தப் பலகையில் வந்து இருந்தவள் அஸீஸா. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனத்தைப் பை பையாகச் சோதித்து, இருந்ததைப் பறித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டியபோது சின்னப் பிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே நெசவு பழகி, குடும்பத்தோடு திரும்பி வந்தவள். அவளுடைய பையை மட்டும் அவர் ஒருநாளும் திறக்கச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அந்தச் சனத்தை ஒருக்காச் சோதிச்சு அனுப்பினது காணும்," என்றார்.

அதற்காக மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். அஸீஸா வந்த பிறகு கயிறு பிடிக்கும் நேரமெல்லாம் விளிம்பு நேராகவே நின்றது. வேறொருவர் என்றால் சந்தோஷப்பட்டிருப்பார். இவருக்கு நித்திரை கெட்டது.

"ஒவ்வொரு நாளும் இப்பிடி நேரா வராது, றொபின். உதுக்குள்ளை என்னவோ கிடக்கு."

அந்த நேரம் தறியில் ஏறியிருந்தது தெல்லிப்பழைப் பக்கத்துச் சின்னத் தேவாலயம் ஒன்றுக்கான விரிப்பு. நற்கருணை மேசைக்கு முன்னால் சனம் முழந்தாளிட விரிப்பது. செத்துப்போன அவர் மனைவி ஐரிஸ் அக்கா ஞானஸ்நானம் எடுத்த கோயில் அது. உயிர்த்த ஞாயிறுக்கு முன் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். பிழை நெசவு என்று அது திரும்பி வந்தால் அவர் இனித் தறியில் இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பாதிக்கு மேல் நெய்திருந்த ஒரு மத்தியானம் கறுப்பு நூலோடு போனேன். அஸீஸா தொழப் போயிருந்தாள். அவர் என் கையைப் பிடித்துத் தறிக் கொட்டிலுக்குள் இழுத்தார்.

"உவளின்ரை கூடையைப் பார். இவ்வளவு நெய்தும் நூல் உவ்வளவு மிஞ்சலாமோ?"

பிறகு அவள் பக்கத்து நெசவில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் உள்ளே போனது. "இறுக்கமில்லை. என்னை ஏமாத்துறாள்."

அவருடைய கூடையைப் பார்த்தேன். அதிலும் அதே அளவு நூல் மிஞ்சிக் கிடந்தது. காட்டினேன்.

"அது என்ரை சிக்கனம்," என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அஸீஸா வந்ததும் வராததுமாகக் கேட்டுவிட்டார். "தங்கச்சி, நீர் இறுக்கி அடிக்கிறேல்லை. உண்மையோ பொய்யோ?"

அவள் மறுக்கவில்லை. "உண்மைதான் அண்ணை."

"தெரிஞ்சுதான் செய்தனீரோ?"

"ஓம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கள்ளனைப் பிடித்துவிட்ட பூரிப்பு அந்த முகத்தில். எனக்கும் அவள் மேல் சந்தேகம் தட்டியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அஸீஸா பலகையில் ஏறி இருந்தாள். "வாங்கோ, கொஞ்சம் நெய்வம். நான் இப்ப என்ரை பலத்துக்கு அடிக்கிறன்," என்றாள்.

அடித்தாள். தறியே அதிர்ந்தது. அவரும் விடாமல் தன் பக்கத்தை அடித்தார். கொஞ்ச நேரத்தில் அவளே கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிடித்தேன். அவள் பக்கம் பின்தங்கி நின்றது. அவர் பக்கம் முந்திக்கொண்டு நின்றது.

"சீப்பை மாத்திப்போட்டீர்!" என்றார். அவள் தன் சீப்பைக் கொடுத்தாள். அதை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கினார். அப்போதுதான் நான் அவர் கையைக் கவனித்தேன். விரல்கள் பிடியைச் சுற்றி மூடவில்லை. அடி விழுந்தது, நூல் அசைந்து கொடுத்தது, இறுகவில்லை.

எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் பக்கம் பின்தங்கியதும் இதே கையால்தானே! நெய்யத் தெரியாதவன் என்று நானே என்னை நம்பிக்கொண்டு திரிந்தேனே.

"வருத்தமெண்டு ஒரு டொக்டரிட்டைப் போனனீங்களோ?" என்று கத்தினேன்.

"போனா வருத்தம் இருக்கெண்டுதானே சொல்லுவினம்," என்றார். குரல் சுருங்கிவிட்டது.

அஸீஸா பலகையை விட்டு எழும்பவில்லை. "நான் இறுக்கி அடிச்சா விரிப்புக் கோணும். கோயில்காரர் திருப்பி அனுப்புவினம். உங்கடை கையிலைதான் பிழை எண்டு சொன்னா என்னைக் கலைச்சிருப்பியள். பிறகு ஆர் வந்து இதிலை இருக்கிறது? அதுதான் உங்கடை அடிக்கு என்ரை அடியைக் குறைச்சனான். அதுவும் பிழைதான். இப்பிடியே குடுத்தா ரண்டு வருசத்திலை தொய்ஞ்சு போகும்."

நோர்மன் அண்ணை தன் பக்கத்து நெசவிலும் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவளும் போய்விட்டால் அந்தத் தறி அவ்வளவுதான்.

"அவிழ்ப்பம்," என்றார் கடைசியில். "முழுக்க அவிழ்ப்பம். நான் நூலைப் போடுறன். ரண்டு பக்கமும் நீரே அடியும்."

தன் சீப்பையும் அவளிடம் நீட்டினார். அவள் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை போனபோது விரிப்பு முடியும் தறுவாயில் இருந்தது. அவர் வரி வரியாக நூலைப் போட்டுக்கொண்டு போக, அவள் பலகையில் நகர்ந்து நகர்ந்து முழு அகலத்துக்கும் அடித்துக்கொண்டிருந்தாள். நகத்தை வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை. இந்த முறை அவர் என் நூலைக் கொளுத்தினார்; ஆனால் மணந்து பார்க்க மறந்துபோனார். கண் முழுக்க அவளுடைய தோளில் இருந்தது.

திரும்பும்போது வாசல் படலை வரைக்கும் என்னோடு வந்தார். ஒருமுறை கொட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"உவள் என்னவோ ஒளிக்கிறாள், றொபின்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னுமோ, அண்ணை?"

"ரண்டு ஆளின்ரை அடியை ஒருத்தி அடிக்கிறாள். தோள் நோகாமல் இருக்குமோ? நோகேல்லை எண்டு சிரிக்கிறாள். பொய். நீ ஒருக்காக் கேட்டுப் பார்."

"நீங்களே கேளுங்கோவன்."

"கேட்டனான். என்னட்டை உண்மை சொல்லமாட்டாள்." படலையின் கம்பியை அந்த மூடாத விரல்களால் மாட்டப் பார்த்தார், முடியவில்லை. "சொன்னா நான் நம்பமாட்டன் எண்டு நினைக்கிறாள்."