சூடு என்று நிறுத்திய மாத்திரை

என் கணவருக்கு வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை. வெகுநாளாக அவருக்கு வயிற்றெரிச்சல். ராமநாதபுரத்தில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் புண் இருக்கிறது, ஒரு கிருமிதான் காரணம் என்றார். மாத்திரைகளை ஒருவேளைகூட விடாமல் முடிக்கச் சொன்னார்.

சில நாளில் எரிச்சல் நின்றது. உடனே இவருக்கு ஞானம் வந்துவிட்டது. "இது சூட்டு மாத்திரைடி. உப்பளத்து வெயில்ல நின்னுக்கிட்டு இதையும் போட்டா உடம்பு தாங்காது" என்று வேலை இல்லாத நாளில் மட்டும் போட்டார். நான் கத்தியதைக் காதில் வாங்கவே இல்லை. மிச்சத்தை, வெறும் வாயுத்தொல்லை இருந்த என் தம்பிக்குத் தானம் செய்தார். "போடு மாப்ள, எனக்கு நல்லாக் கேட்டுச்சு" என்று சிபாரிசு வேறு!

எரிச்சல் திரும்பியது. கறுப்பாக வெளிக்குப் போனார். பதறிக்கொண்டு ஓடினோம். புண்ணில் ரத்தம் கசிந்திருந்தது.

"அரைகுறையாப் போட்டு, கிருமிக்கு மருந்தைப் பழக்கி விட்டுட்டீங்க. இனி அந்த மருந்து கேக்காது. வேற மருந்து தாரேன். இதையும் பாழாக்குனா ரொம்பக் கஷ்டம்" என்றார் டாக்டர்.

இந்த மனுஷர் அப்போதும், "இது சூடு இல்லையே சார்?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது மாத்திரை என் பொறுப்பு. யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. இவர் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று முறைக்கிறார்.

"சின்னப் பிள்ளைன்னா அழுதுக்கிட்டாவது முழுங்கிரும். வாயைத் திறங்க!" என்கிறேன்.