இடிக்கு வைத்த இரும்பு

முட்டை பொரிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது தெரியாமல் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிற ஆள் இல்லை நான். மிக்சி ஓடாவிட்டாலும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கொடுத்துவிடுவேன். “நோண்டாம இருந்தா இவளுக்குத் தூக்கம் வராது” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தக் கோடையில் மட்டும் கொஞ்சம் நோண்டாமல் இருந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது. பிறகு, இல்லை என்றும் தோன்றுகிறது.

அக்கா பேரையூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். பிள்ளை இல்லை. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, உடம்பெல்லாம் சூடாய் இருக்கிறது என்று மச்சான் சொல்ல, அக்காதான் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்து முழுகவைத்தாள். ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவகாசமே இல்லை. அறுத்துப் பார்க்கச் சொந்தபந்தம் சம்மதிக்கவும் இல்லை. அதனால் மச்சான் எதனால் போனார் என்று யாருக்கும் தெரியாது. அக்கா மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். “எண்ணெ தேச்சதுனாலயா? காய்ச்ச அடிச்ச ஒடம்புல நாந்தேன் தண்ணிய ஊத்திட்டேனா?”

“சும்மா இருக்கா, எண்ணெ தேச்சா யாராச்சும் சாவாகளா?” என்று நான் சொல்வேன். எத்தனை தடவை சொன்னேனோ. அவளும் தலையாட்டிவிட்டு மறுநாள் மறுபடி கேட்பாள்.

அந்தத் துக்கம் ஆறுவதற்குள் ஊரில் கோழிச்சீக்கு வந்தது. மச்சான் ஆசை ஆசையாய் வளர்த்த கோழிகள். மேய்ச்சலுக்குப் போனாலும் அவர் குரல் கேட்டால் ஓடிவரும். ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுருண்டு, சேவலும் போய், ஒரே ஒரு பெட்டை மிஞ்சியது. அதைக் கூடையில் போட்டுக்கொண்டு, சேர்த்துவைத்திருந்த முட்டைகளை அரிசிக்குள் புதைத்து எடுத்துக்கொண்டு, அக்கா வண்டியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“இதுல ஒரு குஞ்சாவது வந்துருச்சுன்னா நான் ஊருக்குப் போயிருவேன்டி. வெறும் வாசலுக்கு எப்படிப் போவேன்?” என்றாள்.

சேவல் செத்துவிட்டது. இனி அந்தப் பெட்டை முட்டையிட்டாலும் கொஞ்ச நாளில் எல்லாம் வெறும் முட்டையாகத்தான் இருக்கும். கையில் இருந்தவைதான் கடைசி. இடம் மாறிய பெட்டை அடைக்கு உட்காரவும் மறுத்துவிட்டது. மாடிப்படிக்குக் கீழே முட்டைகளைப் பரப்பிவைத்தால் மிதித்துக்கொண்டு எழுந்துபோனது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மீன் கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி, கழுவிக் காயவைத்து, அடியில் வைக்கோல் பரப்பி, வீட்டுக்காரரை விரட்டி உள்ளே குண்டு பல்பு மாட்டவைத்தேன். சூடு ஏறினால் பல்பை அணைக்கவும் இறங்கினால் எரியவிடவும் ஒரு சின்ன மீட்டர். அதன் வயர் நுனி பெட்டிக்குள் முட்டை உயரத்தில் தொங்கும். அந்த நுனிக்கு எவ்வளவு சூடு தெரிகிறதோ, அதுதான் மீட்டருக்குத் தெரியும். ஈரப்பதத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். பகலில் நான் ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவதால் முட்டைகளைத் திருப்பிவிடுவது அக்காவின் பொறுப்பு.

முதல் வாரம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சில் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். இரண்டு மூன்று கூமுட்டை, உள்ளே வெறும் வெளிச்சம்தான்; அவற்றை எடுத்துப் போட்டுவிட்டோம். மற்றதில் எல்லாம் சிவப்பாய் நரம்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அக்கா முட்டையை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உசுரு ஓடுதுடி” என்றாள். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். எண்ணெய்க் கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அதன் பிறகு கோடைமழை பிடித்தது. சாயங்காலமானால் இடியும் மின்னலும். கரண்ட் போனால் அக்கா பெட்டியைப் போர்வையால் மூடி, வெந்நீர் பாட்டிலை உள்ளே வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கடைசி சில நாட்கள் மூடியைத் திறக்கக் கூடாது என்று நான்தான் கண்டிப்பாகச் சொன்னேன். வெளியே மீட்டரில் சூடு சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தேன்.

பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. பெட்டிக்குக் காதைக் கொடுத்தால் மீட்டர் பல்பை அணைத்து எரியவிடுகிற ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் சில நாள் பொறுத்தோம். பிறகு அக்கா வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டைகளை மிதக்கவிட்டாள். உள்ளே உயிர் இருந்தால் முட்டை ஆடும். தண்ணீர் அடங்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ஒன்றும் ஆடவில்லை.

“கொண்டுபோயி பொதச்சுருடி” என்றாள் அக்கா.

நான் புதைக்கவில்லை. கொல்லையில் பழைய பேப்பரை விரித்து ஒவ்வொன்றாக உடைத்தேன். அக்கா என் பின்னால் வந்து நின்றதை அப்போது கவனிக்கவில்லை. எல்லா முட்டையிலும் குஞ்சு இருந்தது. இறகு, அலகு, நகம் எல்லாம் வந்திருந்தன. ஆனால் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டிய மஞ்சள் கரு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சூடு போதாமல் வளர்ச்சி பின்தங்கி, ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் செத்திருக்கின்றன. மீட்டர் சரியாகக் காட்டியதே, பிறகு எப்படிச் சூடு போதாமல் போகும்? எனக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடிப்போய்ப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தேன்.

வைக்கோலோடு ஒரு துணி முடிச்சு விழுந்தது. மீட்டரின் வயர் நுனி அதில் மாட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உடைந்த அரிவாள் துண்டு ஒன்று, அடுப்புக்கரி, இரண்டு மிளகாய்வற்றல்.

எனக்கும் தெரிந்த வழக்கம்தான். இடிச் சத்தத்தில் அடைமுட்டை கெட்டுவிடும் என்று எங்கள் பக்கம் முட்டைகளோடு இரும்பும் கரியும் போட்டுவைப்பார்கள். கோழிக்கு அடியில் அது கிடந்தால் ஒன்றும் ஆகாது. அக்கா அதைப் பல்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறாள். வயர் நுனி அதன்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பல்பு எரிய எரிய முதலில் காய்வது இரும்பு. வயருக்குத் தெரிவதும் அந்த இரும்பின் சூடுதான். முட்டைக்குச் சூடு போய்ச் சேருமுன்பே போதும் என்று மீட்டர் பல்பை அணைத்திருக்கிறது.

“இதுதான்! இந்த இரும்புதேன் மீட்டர ஏமாத்திருச்சு” என்று கத்தினேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் என் குரலில் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். திரும்பிப் பார்த்தபோது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இடி இடிச்சுச்சேன்னு வச்சேன்டி” என்றாள். “ஒன்னும் ஆயிரக் கூடாதுன்னுதான வச்சேன்.”

“தெரியும்க்கா. தெரிஞ்சா செஞ்ச?”

அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். கொல்லையில் பேப்பர்மேல் குஞ்சுகள் ஈரமாகக் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“அப்ப மச்சானுக்கும் அப்படித்தானாடி? ஒன்னும் ஆயிரக் கூடாதுன்னுதான எண்ணெ தேச்சேன்.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாளும் சொன்ன வார்த்தைதான், ஆனால் வரவில்லை. நல்லதுக்கென்று வைத்த இரும்பு இப்படிச் செய்யும் என்று இப்போதுதான் அவளிடம் சத்தம்போட்டுச் சொல்லியிருக்கிறேன். முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டேன். மச்சானை எரித்தாகிவிட்டது. எனக்கு அவள்மேல் பொங்கிவந்த இரக்கத்துக்கு ஒரு பொய் சொன்னால் போதும்தான். அவள் கண்ணைப் பார்த்தேன், பொய்யும் வரவில்லை.

“தெரியலக்கா” என்றேன். “சத்தியமா எனக்குத் தெரியல.”

யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் உட்பட எல்லோரும் தெரிந்த மாதிரியேதான் பேசியிருந்தோம். விதி என்றார்கள், வேளை என்றார்கள், நான் சும்மா இரு என்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கரி ஒட்டிய என் உள்ளங்கையைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டு, மச்சானின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். இருட்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.