ஐந்து பாட்டில் காவிரி

பிராந்தி பாட்டிலில் காவிரியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எங்கள் புதுச்சேரியில் காலி பாட்டிலைத் தூக்கி எறிகிற வீடு கிடையாது. அக்கா வீட்டில் நல்லெண்ணெய், தேன், சீயக்காய்த் தூள் எல்லாமே அதில்தான். மாமா, அதாவது அக்காவின் கணவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 'சொல்தா' என்போம். அந்த வீட்டில் பாட்டிலுக்கா பஞ்சம்?

மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. காவிரிக்கரை ஊர் ஐந்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கலசத்தில் சேர்க்க வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். அவர்களுடைய முதல் கல்யாணம் மாமாவின் பத்து நாள் லீவுக்குள் அவசர அவசரமாக முடிந்தது, மேளம்கூட இல்லை. அக்கா தனக்கென்று கேட்டது வாழ்நாளில் இது ஒன்றுதான். மகன் பிரான்சில், மாமாவுக்கு முழங்கால் வலி. நான் போகிறேன் என்றேன்.

"நீயா? பொம்பள தனியா அவ்ளோ தூரமா? வேணாம்டி. போர் தண்ணியே ஊத்திக்கிறேன்" என்றாள்.

ஐம்பது வயதில் கார் வாங்கிய பள்ளிக்கூட டீச்சருக்கு ரோஷம் வராதா? இரண்டு நாள் மல்லுக்கட்டிய பிறகு அவளே ஐந்து பாட்டில்களை வெந்நீரில் கழுவிக் கொடுத்தாள். லேபிளை மட்டும் எவ்வளவு சுரண்டியும் முழுசாக எடுக்க முடியவில்லை. "தரையில வெக்காத. எச்சில் பட்டுச்சுன்னா கலசத்துல சேக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அந்த இரண்டு நாள் சுகத்தை என்னவென்று சொல்வேன்! சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடத்தில் முதல் பாட்டிலை நிரப்பியபோதே எனக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்த இடத்தில் நிறுத்தினேன். கும்பகோணத்தில் ஒரே கடையில் இரண்டு காபி குடித்தேன். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. திருவையாற்றில் படித்துறையில் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும், "குடுத்து வச்சவ" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துவைக்க ஆரம்பித்தார். மறுநாள் மயிலாடுதுறையில் நான்காவது பாட்டில், காரைக்காலில் காவிரியின் கிளையான அரசலாறு கடலில் சேருமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஐந்தாவது.

காரைக்காலில் சரக்கு விலை குறைவு. அதனால் அங்கிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைகிற இடத்தில் வண்டிகளைச் சோதிப்பார்கள். புதுச்சேரி நம்பர், தனியாக ஒரு பெண், டிக்கியில் துண்டு சுற்றிய ஐந்து பிராந்தி பாட்டில். ஏட்டையாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆத்துத் தண்ணி சார். நாளைக்குக் காலைல எங்கக்காவுக்கு அறுபதாம் கல்யாணம்."

"வர்றவங்க எல்லாரும் ஒரு கல்யாணம் சொல்றாங்கம்மா" என்றபடி மூடியைத் திருகி முகரப் போனார்.

"மூக்க வெக்காதீங்க சார்" என்று பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். கொட்டச் சொல்லிவிட்டால் திரும்பிப் போக நேரமில்லை. அக்காவுக்குப் போர் தண்ணீர்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப நீங்களே குடிச்சுக் காட்டுங்க."

கையில் இருந்தது காரைக்கால் பாட்டில். உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தேன். உப்பென்றால் அப்படி ஓர் உப்பு. முகம் கோணிக்கொண்டு போனது. "பாத்தீங்களா, ராவா அடிச்ச மூஞ்சி" என்றார் அவர். அவர் கையிலும் ஊற்றினேன். நாக்கில் வைத்தவர் தூவென்று துப்பினார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் ஒட்டியிருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, குரல் தணிந்து, "திருவையாறு எங்க ஊரும்மா. ரெண்டு சொட்டு விடுங்க" என்று இரு கைகளையும் நீட்டினார். கண்களில் ஒற்றிக்கொண்டு, மூடியை அவரே இறுக்கி மூடிக் கொடுத்தார்.

வீட்டில் அக்கா பாட்டில்களை வரிசையாகப் பார்த்தாள். இரண்டில் குறைந்திருந்தது. மறைக்க மனம் வரவில்லை, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"வாய் வெச்சியா?"

"இல்லக்கா. கையிலதான்."

"அந்த ஆளு?"

"கண்ணுல ஒத்திக்கிட்டாரு."

அக்கா போய்க் கலசத்தை எடுத்து வந்தாள். திருவையாற்றுத் தண்ணீரைத்தான் முதலில் ஊற்றினாள்.

மறுநாள் சல்லடை வழியாக உறவுக்காரர்கள் எல்லோரும் அக்கா, மாமா தலையில் நீர் வார்த்தோம். மேளம் வாசலை அதிர வைத்தது. மாமா உதட்டை நக்கிப் பார்த்து, "இன்னா இது, கரிக்குது?" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது அக்காவைக் காணவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தால் ஈரத் தலையும் பட்டுப்புடவையுமாக, கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் என் கார் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ தனியா போறன்னு பயந்தேன்னு நெனச்சியாடி? பொறாம" என்றாள். "அவரு பட்டாளத்துல இருந்த வருஷமெல்லாம் நான் இந்த வாசப்படியத் தாண்டல. வண்டிய எடு."

"மாமா தேடுவாருக்கா."

"முப்பது வருஷம் நான் காத்திருந்தேன். ஒரு நாளு அவரு காத்திருக்கட்டும்."